ஜோன் தொம்சன்: பயணியின் கமராவும் தெருவின் மக்களும்

ஸ்கொத்லாந்து ஒளிப்படக் கலைஞரான ஜோன் தொம்சனை (1837–1921) ஆசியாவைப் படம்பிடித்த பயணி என்றும், இலண்டன் ஏழைகளைப் படம்பிடித்தவர் என்றும் இரு கூறாக்கிக் காண்பது வசதியானதே. எனினும், இவ்விரண்டும் ஒரே பார்வையின் இரு கட்டங்கள் என்றே நாம் கருதுகிறோம்.

எடின்பரோவில் புகையிலை வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்த தொம்சன், ஒளியியற் கருவிகள் செய்வோரிடம் தொழில் பயின்றார். 1862இல் சிங்கப்பூர் சென்று தமையனாருடன் சேர்ந்து படப்பிடிப்பு நிலையம் நடத்தினார். 1866இல் அங்கோர் இடிபாடுகளைப் படமெடுத்தார். அதன் பயனாகிய நூல் மறு ஆண்டே வெளிவந்தது. 1868 முதல் ஹொங்கொங்கைத் தளமாகக் கொண்டு சீனாவின் உட்பகுதிகளுக்குள் பயணம் செய்தார். அப்பயணத்தின் அறுவடையான நான்கு தொகுதிகள், 200 படங்களுடன், 1873–74இல் வெளியாயின.

இங்கு ஒன்றை மறத்தலாகாது. அயல்நாட்டவர் சீனாவின் உள்நாட்டிற் பயணம் செய்யும் உரிமை, அபினி யுத்தங்களின் வழியே வலிந்து பெறப்பட்ட ஒன்று. தொம்சனின் கமரா அப்பாதையிலேயே சென்றது. அதனைச் சாவு கொணரும் கருவியென மக்கள் சிலர் அஞ்சினர், கல்லெறியும் நிகழ்ந்தது. இதனை வெறும் மூடநம்பிக்கை என ஒதுக்கிவிட எமக்கு மனமில்லை.

அன்றைய ஈரத்தகட்டு முறையையும் கருத்திற் கொள்ள வேண்டும். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, அது உலருமுன் படமெடுத்து, உடனேயே இருட்டுக் கூடாரத்தில் உருத்துலக்க வேண்டும். படம் பதியச் சில விநாடிகள் செல்லும். அசைந்தால் உருவம் கலங்கும். ஆகவே தொம்சனின் தெருக்காட்சிகள் தற்செயலாக அகப்பட்டவை அல்ல. அசையாது நிற்க மனிதர் இசைந்தமையாற் கிடைத்தவை. அந்த இசைவு எவ்வாறு பெறப்பட்டது என்பதே எம்மை உறுத்தும் வினா.

1877–78இல் அடொல்ஃப் சிமித் என்னும் முற்போக்குப் பத்திரிகையாளருடன் இணைந்து ‘இலண்டன் தெரு வாழ்க்கை’ என்னும் வெளியீட்டைத் தொம்சன் பகுதி பகுதியாகக் கொணர்ந்தார். அதிலே, வறியோர் விடுதியின் படிக்கட்டில் சாய்ந்திருக்கும் முதியவள் ஒருத்தியின் படம் உண்டு. அவள் தையற்காரர் ஒருவரின் விதவை. கையிலிருக்கும் குழந்தை அவளுடையதன்று. கோப்பிக் கடையில் வேலைபார்க்கும் தோழியுடையது. பகல் முழுதும் அதனைப் பார்த்துக்கொள்வதற்குக் கிடைக்கும் கூலி ஒரு கோப்பைத் தேநீரும் சிறிது பாணும். இவ்விவரங்களைத் தருவது படமன்று, உடன் அமைந்த உரைநடையே. உரையை நீக்கின், அவளும் சீனத் தொகுதிகளிற் காணப்படும் படகுப்பெண்களைப் போல ஒரு ‘மாதிரி’ ஆகிவிடுவாள். தொம்சனின் சாதனையிற் சிமித்துக்குரிய பங்கைக் குறைத்துரைப்போர் இதனைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் தொம்சன் அத்தெருவில் நீடித்து நிற்கவில்லை. 1881இல் விக்டோரியா மகாராணியின் ஒளிப்படக் கலைஞராக நியமனம் பெற்று, உயர்குடியினரைப் படமெடுத்தார். 1886 முதல் அரச புவியியற் கழகத்திற் பயணிகளுக்கு ஒளிப்படக்கலை கற்பித்தார். 1921இல் அவர் மறைந்தபின், ஆசியாவிலிருந்து கொணர்ந்த 600இற்கும் மேற்பட்ட கண்ணாடித் தகடுகளை ஹென்றி வெல்கம் வாங்கினார். மன்னர்களும் சுமைகூலிகளும் அம்மரப்பெட்டிகளில் அருகருகே அடுக்கப்பட்டிருந்தனர்.