மூன்று வால்வுகளின் சிக்கனம்

1940களின் தொடக்கத்தில், ஜெர்மானியரின் பிடியிலிருந்த ஐரோப்பிய நாடுகளில் இரவோடு இரவாகப் பாரசூட்டில் இறங்கிய உளவாளிகளுடன் ஒரு சிறு வானொலிக் கருவியும் இறங்கியது. ‘மார்க் 7’ என்பது அதன் அலுவல் பெயர். நிலைத்ததோ ‘பாராசெட்’ என்ற பெயர். பிரிட்டனின் வெளிநாட்டு உளவுத்துறையைச் சேர்ந்த வானொலிப் பிரிவு, பக்கிங்காம்ஷயரிலுள்ள வாடன் ஹால் மாளிகையில் இதனை உருவாக்கியது.

மோர்ஸ் செய்தியை அனுப்பவும் கேட்கவும் மூன்றே வால்வுகள். அனுப்புவதற்கு ஒரு 6வி6. கேட்பதற்கு இரண்டு 6எஸ்கே7. அனுப்பும் அலைவரிசையைச் சிறியதொரு குவார்ட்ஸ் படிகம் நிர்ணயித்தது. தந்தி அடிக்கும் சாவி முகப்பிலேயே பொருத்தப்பட்டிருந்தது. அளவுமானி கிடையாது; கைவிளக்கு பல்புகள் இரண்டு ஒளிர்வதைப் பார்த்தே ஆண்டெனாவை இசைவிக்க வேண்டும்.

திறன் ஏறத்தாழ 5 வாட். சைக்கிள் டைனமோ விளக்கைவிடச் சற்றே அதிகம். அது கடல் கடந்து இங்கிலாந்தை எட்டியதற்குக் காரணங்கள் இரண்டு. சிற்றலை அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பும் என்பது ஒன்று. மனிதக் குரலுக்கு அகன்ற அலைப்பட்டை வேண்டும். மோர்ஸுக்கு மிகக் குறுகிய பட்டையே போதும், ஆகவே சிறு திறனும் சிதறாது சென்று சேரும் என்பது மற்றொன்று.

ஆனால் சிக்கனத்துக்கு ஒரு விலை இருந்தது. வால்விலிருந்து வெளிவரும் அலையின் ஒரு பகுதியை மீண்டும் அதற்கே ஊட்டினால், பல வால்வுகளின் வேலையை ஒன்றே செய்துவிடும். மோர்ஸைக் கேட்க வேண்டுமானால், அந்த வால்வு தானே அதிரத் தொடங்கும்வரை ஊட்ட வேண்டும். அதற்கும் ஆண்டெனாவுக்கும் இடையே தடுப்பாக வேறொரு வால்வு இல்லாததால், அந்த அதிர்வும் மெலிதாக வெளியே கசிந்தது. அனுப்பும்போது மட்டுமன்று, மௌனமாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போதும் கருவி தன் இருப்பை அக்கம்பக்கத்துக்கு அறிவித்துக்கொண்டிருந்தது. தெருவில் ஊர்ந்தவையோ அலையின் திசையறியும் ஜெர்மானிய வண்டிகள். நான்காவதாக ஒரு வால்வு இக்கசிவைக் குறைத்திருக்கும். கூடவே சுமையையும் மின்செலவையும் கூட்டியிருக்கும். எடுத்துச் செல்வதா, மறைந்திருப்பதா என்ற கேள்விக்கு வடிவமைத்தவர்கள் முன்னதைத் தேர்ந்தார்கள்.

அமெச்சூர் வானொலி உரிமத்துக்கு மோர்ஸ் தேர்வு கட்டாயம் என்ற சர்வதேச விதி 2003இல் நீங்கிவிட்டது. ஆயினும் பாராசெட்டின் நகலைத் தம் கையால் செய்து, அதே வால்வுகளில் பேசும் ஆர்வலர்கள் இன்றும் உண்டு. சுற்று எளியது, ஓர் ஆரம்பநிலையாளரும் பற்றவைத்துவிடலாம். காதணியை மாட்டிக்கொண்டு, அவர்கள் அவசரமின்றிக் குமிழைத் திருப்புகிறார்கள். அந்த அவகாசம் மட்டும் மூலக்கருவியை இயக்கியவர்களுக்கு வாய்க்கவில்லை.