பட்டாளத்தில் நமக்கு எழுதிய வேலை

என் தாத்தாவுக்குத் தமிழில் கையெழுத்துப் போடத் தெரியாது. இங்கிலீஷ் எழுத்தில்தான் போடுவார். கைநாட்டு வைக்க மையை நீட்டினால் தள்ளிவிட்டு, பேனாவை வாங்கிப் பெரிய பெரிய எழுத்தாகத் தன் பெயரை எழுதுவார். எங்கள் சேரியில் அவர் வயசுக்காரர்களில் பேனா பிடித்தவர் அவர் ஒருவர்தான். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காத அந்த மனுஷனுக்கு அந்த எழுத்தைக் கொடுத்தது பட்டாளம். வெள்ளைக்காரன் காலத்து ராணுவத்தில் சிப்பாய்களுக்கு உருதுவை ரோமன் எழுத்தில் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த வகுப்பில் உட்கார்ந்து வாங்கி வந்த எழுத்து அது.

பழைய வடஆற்காடு மாவட்டத்தில், பாலாற்றுக்கு வடக்கே எங்கள் ஊர். 1942இல், பதினெட்டு வயசில், ஆண்டை வீட்டு மாட்டுக்கொட்டகையிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிப் போய்ப் பட்டாளத்தில் பெயர் கொடுத்தார் தாத்தா. சாகப் போகிறோம் என்ற பயம் இல்லையா என்று சின்ன வயசில் நான் கேட்டிருக்கிறேன். "இங்க மட்டும் இன்னாடா வாழ்ந்துகினு இருந்தேன்?" என்பார். அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. மோட்டார் ஓட்டக் கத்துக்கொள்ள வேண்டும். யுத்தம் முடிந்து வந்தால் பஸ் கம்பெனியில் டிரைவர் ஆகிவிடலாம், மறுபடி ஏர் பிடிக்க வேண்டாம்.

சேர்க்கும் இடத்தில் இருந்த ஆள் சாதியைக் கேட்டான், ஊரில் என்ன வேலை என்று கேட்டான், எழுதிக்கொண்டான். எந்த வேலைக்கு வர ஆசை என்று கேட்கவில்லை. தாத்தாவே வாயைத் திறந்து மோட்டார் என்று சொன்னபோது பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்களாம். பயனியர் படையில் போட்டார்கள். அசாமில், பர்மா எல்லைப் பக்கத்தில், மலையை வெட்டி ரோடு போடுகிற வேலை. "லாரியில ஏத்தினான். ஏத்தி, ரோடு போடத்தான் எறக்கினான். ஸ்டேரிங்கு வேற ஆளு கையில, என் கையில மம்மட்டி" என்று அவர் சொல்லும்போது சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

இப்போது இதை எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் என் அக்கா மகன். பத்தொன்பது வயசு. பிளஸ் டூ முடித்திருக்கிறான். ராணுவத்துக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தவன், "மாமா, எந்தப் பிரிவுன்னு போடறது?" என்று என்னைக் கேட்டான். தாத்தாவிடம் யாரும் கேட்காத கேள்வியை, எண்பது வருஷம் கழித்து ஒரு படிவம் எங்கள் வீட்டுப் பிள்ளையிடம் கேட்கிறது. உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இடையில் நடந்ததைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நமக்கும் பட்டாளத்துக்கும் உள்ள உறவு இருநூறு வருஷத்துக்கும் மேலானது. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் படை திரட்டிய காலத்திலேயே பறையர்கள் அதில் இருந்தார்கள். 1780இல் சென்னைப் பயனியர் என்ற பெயரில் இரண்டு கம்பெனிகளாகத் தொடங்கியதுதான் பின்னாளில் மதராஸ் சாப்பர்ஸ் ஆனது. பாலம் கட்டுவது, பள்ளம் தோண்டுவது, கோட்டைச் சுவருக்கு வெடி வைப்பது இதன் வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் படையில் பறையர்களும் கிறித்தவர்களும் பெருந்தொகையாக இருந்தார்கள். ஏன் இங்கே மட்டும் நம் கூட்டம்? மண்ணைத் தொடுவதை இழிவு என்று நினைத்த சாதிக்காரன் வரமாட்டான், நாம் வருவோம். வெள்ளைக்காரன் அதைக் கண்டுகொண்டான். சேரியில் எந்த வேலை நம் தலையில் கட்டப்பட்டிருந்ததோ, அதையே சீருடை மாட்டி வாங்கிக்கொண்டான். ஒன்றை மறுக்க முடியாது: அந்தச் சீருடைக்குச் சம்பளம் இருந்தது, பென்ஷன் இருந்தது. ஆண்டையிடம் இரண்டும் கிடையாது.

பம்பாய்ப் பக்கம் மகர்கள் கதையும் இதுதான். 1818 ஜனவரி 1 அன்று கோரேகானில் பேஷ்வா படையை எதிர்த்து நின்ற கம்பெனிப் படையில் மகர்கள் இருந்தார்கள். அங்குள்ள நினைவுத் தூணில் செத்துப்போன மகர்கள் 22 பேரின் பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. 1927இல் அம்பேத்கர் அந்தத் தூணுக்கு நேரில் போனார். அவருடைய அப்பா ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார் மேஜர், ராணுவப் பள்ளியில் தலைமையாசிரியர். 1891இல் அம்பேத்கர் பிறந்ததே மாவ் ராணுவக் குடியிருப்பில்தான். ராணுவத்தார் வீட்டுப் பிள்ளைகள் படித்தாக வேண்டும் என்ற ஏற்பாடு அந்த வீட்டுக்குள் புத்தகத்தைக் கொண்டுவந்தது.

அந்தக் கதவைத்தான் அடைத்தார்கள். 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தளபதியாகவும், பிறகு 1893 வரை இந்தியப் படை முழுமைக்கும் தளபதியாகவும் இருந்தவர் ராபர்ட்ஸ். இந்தியாவில் சில சாதிகள்தான் போர்ச் சாதிகள், தெற்கத்தியான் சண்டைக்கு ஆகமாட்டான் என்பது அவர் கட்சி. சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. பலவற்றில் பெயரை வைத்துக்கொண்டு ஆளை மட்டும் மாற்றிப் பஞ்சாபிகளைப் போட்டார்கள். 1890களின் தொடக்கத்தில் மகர்களைச் சேர்ப்பதும் நின்றது. தீண்டத்தகாதவன் ஹவில்தாராக, சுபேதாராக நின்றால் சாதி இந்துச் சிப்பாய் அவனுக்குச் சல்யூட் அடிக்க வேண்டுமே! வர்ணாசிரமம் சொன்னதையே வெள்ளைக்காரன் 'போர்ச் சாதி' என்று புதுப்பெயர் வைத்துச் சொன்னான். மனுவுக்கு ஒரு இங்கிலீஷ் சீடன் கிடைத்தான்.

நம்மவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற கோபால் பாபா வலங்கர் 1894இல் இந்தத் தடையை எதிர்த்து விண்ணப்பம் எழுதினார். 1910இல் சிவ்ராம் ஜன்பா காம்ப்ளே ராணுவத்திலும் போலீசிலும் மகர்களுக்கு இடம் கேட்டு லண்டனில் இருந்த இந்தியா மந்திரிக்கே மனு அனுப்பினார். இந்த மனுக்களை வெறும் சோற்றுக்கான மனுக்கள் என்று படிப்பது தப்பு. 'இவன் பிறப்பு இன்னது, ஆகையால் இவனுக்கு இந்த வேலைதான்' என்ற விதிக்கு எதிரான மனுக்கள் அவை.

அதற்குப் பிறகு நடந்ததை ஆண்டு வரிசையில் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். முதல் உலகப்போரில் ஆள் பற்றாக்குறை வந்தது. 1917இல் 111ஆம் மகர் படை எழுப்பப்பட்டது. போர் முடிந்தது, 1921இல் கலைக்கப்பட்டது. இங்கே 61, 64, 81 ஆகிய பயனியர் படைகளை 1922இல் ஒன்றாக்கி மதராஸ் பயனியர்ஸ் என்றார்கள். 1933இல் அதையும் கலைத்தார்கள். அதே ஆண்டில் மஜபி சீக்கியர்களின் பயனியர் படையும் போனது. இரண்டாம் உலகப்போர் வந்தது. மறுபடி நம் ஞாபகம் வந்தது. 1941இல் மஜபி, ராம்தாசியா சீக்கியர்களுக்குப் படை. அதே ஆண்டு அக்டோபரில் பெல்காமில் மகர் ரெஜிமெண்ட். 1943இல் சமார் ரெஜிமெண்ட். போர் முடிந்ததும் 1946இல் சமார் ரெஜிமெண்டைக் கலைத்துவிட்டார்கள். குண்டு பறக்கும்போது திறக்கும் கதவு, பறப்பது நின்றதும் சாத்திக்கொள்ளும்.

1941இல் மகர் ரெஜிமெண்ட் தானாக வந்துவிடவில்லை. அம்பேத்கர் அந்த ஆண்டு பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இருந்தார். மகர்களுக்குத் தனிப்படை வேண்டும் என்று விடாமல் வாதாடினார். வந்ததும் நம் பையன்களைச் சேரச் சொன்னார். 1940 கடைசியில் வெளியான தன் பாகிஸ்தான் நூலில், ராணுவத்தில் எந்த மாகாணத்தான், எந்தக் கூட்டத்தான் எத்தனை பேர் என்று கணக்கெடுத்துக் காட்டியிருப்பார். துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்பது அரசியல் கேள்வி என்று அவருக்குத் தெரியும். 1946இல் மகர் ரெஜிமெண்ட் இயந்திரத் துப்பாக்கிப் படையாக மாறியது. கைக்கு மம்மட்டி என்று எழுதப்பட்டவன் இயந்திரத் துப்பாக்கி பிடித்தான்.

இதுவரை சொன்னது சீருடை கிடைத்தவர்கள் கதை. சீருடைக்குக் கீழே இன்னொரு கூட்டம் இருந்தது. சமையல்காரன், தண்ணி சுமப்பவன், வண்ணான், செருப்புத் தைப்பவன், கக்கூஸ் எடுப்பவன். 'ஃபாலோயர்' என்று பெயர். படைக்குப் பின்னால் போகிறவன். அதிலும் மேல் ஃபாலோயர், கீழ் ஃபாலோயர் என்று தட்டு உண்டு. சிப்பாய் போகிற இடமெல்லாம் இவனும் போனான், மெசபடோமியாவிலும் இருந்தான், செத்தான். சிப்பாய்க்குக் கிடைத்த சம்பளம் இவனுக்கு இல்லை. முல்க் ராஜ் ஆனந்த் 1935இல் எழுதிய 'தீண்டத்தகாதவன்' நாவலில் பாக்கா யார்? ராணுவக் குடியிருப்பில் கக்கூஸ் கழுவுகிற பையன். வெள்ளைச் சிப்பாயின் பழைய உடுப்பைப் போட்டுக்கொண்டு, தானும் ஒரு டாமி என்று நடக்கிறவன். உடுப்பு கிடைத்தது, கையில் துடைப்பம் மாறவில்லை. அந்தப் பையனைப் படித்தபோது எனக்கு என் தாத்தா ஞாபகம்தான் வந்தது.

1946இல் தாத்தாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். பென்ஷன் கிடையாது. பூட்ஸ், ஒரு கம்பளி, டிஸ்சார்ஜ் புத்தகம். சேரிக்கு வரும் வழி ஊர்த்தெரு வழியாகத்தான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டிய தெரு. தாத்தா பூட்ஸைக் கழற்றவும் இல்லை, தெருவில் மிதித்துச் சண்டை போடவும் இல்லை. ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போனார். ஒரு மைல் கூடுதல். சாகிற வரைக்கும் டவுனுக்குப் போய்வர ஏரிக்கரைதான். கல்லூரியில் படிக்கும்போது இதைக் கோழைத்தனம் என்று அவர் முகத்துக்கு நேராகவே நான் சொல்லியிருக்கிறேன். "கழட்டுடான்னு சொல்ற வாய்ப்ப அவனுக்கு நான் குடுக்கலடா" என்றார். இன்றைக்கு அந்தப் பேச்சை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. டிரைவர் வேலை கடைசிவரை கிடைக்கவில்லை. அதே ஆண்டையின் நிலத்தில் கூலிக்குப் போனார். ஆனால் என் நைனாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து மாடு மேய்க்க அனுப்பச் சொன்னபோது மட்டும் முடியாது என்றார். நான் எம்.ஏ. தமிழ் படித்தது அந்த ஒரு 'முடியாது'வில் தொடங்கியது.

இப்போது அக்கா மகனின் படிவத்துக்கு வருகிறேன். 2022 ஜூனில் அக்னிபத் திட்டத்தை அறிவித்தார்கள். நான்கு ஆண்டு வேலை, அதற்குப் பிறகு 25 விழுக்காட்டுக்கு மேல் வைத்துக்கொள்ளமாட்டோம் என்பது அன்று சொன்ன கணக்கு. மற்றவர்களுக்கு ஒரு தொகை உண்டு, பென்ஷன் இல்லை. 'யுத்தம் முடிஞ்சுது, வூட்டுக்குப் போ' என்று தாத்தாவுக்குச் சொன்னதை, இவர்களுக்குச் சேரும்போதே எழுதிக் கொடுக்கிறார்கள்.

பிரிவுகள் பல. பொதுப்பணி, டெக்னிக்கல், கிளார்க், பிறகு டிரேட்ஸ்மேன். டிரேட்ஸ்மேனில் பத்தாவது படித்தவனுக்குச் சமையல், சலவை, முடிவெட்டு போன்றவை. எட்டாவது படித்தவனுக்கு ஹவுஸ் கீப்பர், மெஸ் கீப்பர். பழைய ஃபாலோயர் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாதிப் பெயர் எங்கும் இல்லை. யாரும் எதற்கும் போடலாம். ஆனால் எட்டாவதோடு படிப்பை நிறுத்த வேண்டிவந்த பிள்ளைகள் எந்தத் தெருவில் அதிகம் என்று நமக்குத் தெரியாதா? படைவீரர் சேர்ப்பில் பட்டியல் சாதிகளுக்கு இட ஒதுக்கீடும் கிடையாது. எவனும் நம் நெற்றியில் எழுதவில்லை. எழுத்து தானாகவே நம் பக்கம் வந்து விழுகிற மாதிரி கட்டங்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

பையன் பயிற்சிக்குப் போன இடத்தில் ஒருவர் சொன்னாராம்: "தம்பி, நீங்கள்லாம் டிரேட்ஸ்மேன் போடுங்க, சீக்கிரம் கெடைக்கும்." பிளஸ் டூ படித்தவனிடம் சொல்கிறார். அந்த 'நீங்கள்லாம்' என்ற சொல்லுக்குள் யார் யார் அடக்கம் என்று பையன் என்னைக் கேட்டான். 1942இல் தாத்தாவைப் பார்த்துச் சிரித்தவர்கள் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆளும் வர்க்கத்தின் ராணுவத்தில் எந்த வேலை கிடைத்தால் என்ன, அங்கே போவதே தப்பு என்று சொல்லும் தோழர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு பல மேடைகளில் நானும் நின்றிருக்கிறேன். ராணுவம் யார் மேல் ஏவப்படுகிறது என்பது எனக்கும் தெரியும். ஆனால் போகாதே என்று சொல்வதற்கு முன்னால், போகாமல் இருக்க அவனுக்கு வேறு என்ன வேலை வைத்திருக்கிறோம் என்றும் சொல்ல வேண்டும். சமைப்பதும் துவைப்பதும் இழிவான வேலை என்றும் நான் சொல்லவில்லை. அதை இவன்தான் செய்ய வேண்டும் என்று இன்னொருவன் முடிவு செய்வதே இழிவு. வேண்டாம் என்று சொல்லவும் வேண்டும் என்று சொல்லவும் உரிமை இருப்பவனுக்குத்தான் வேலை என்பது வேலை. மற்றவனுக்கு அது சாதி.

"டெக்னிக்கல்னு போடுடா. கெடைக்கலன்னா அடுத்த வருஷம் வேற ஏதாச்சும் படிக்கலாம். ஹவுஸ் கீப்பர் போடாத" என்றேன். "தாத்தா மோட்டார் கேட்டாரில்ல மாமா" என்றான். போட்டிருக்கிறான்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் சேரிகளில், காலனிகளில், கிழவர் கிழவிகள் வைத்திருக்கும் டிரங்குப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். டிஸ்சார்ஜ் புத்தகங்கள் கரையானுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றில் சாதி எழுதியிருக்கும், கொடுத்த வேலை எழுதியிருக்கும். கேட்ட வேலை எழுதியிருக்காது. அதை வீட்டில் உயிரோடு இருப்பவர்களிடம் கேட்டு, பக்கத்தில் நீங்கள் எழுதி வையுங்கள். என் தாத்தாவின் புத்தகத்தில் நான் எழுதிவிட்டேன்: மோட்டார் டிரைவர்.