தேசியக் கட்டட அருங்காட்சியகம்: சிறார், குடும்பத் திட்டங்கள்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள இந்த அருங்காட்சியகத்தை நிறுவ 1980-ல் அந்நாட்டு நாடாளுமன்றம் வழிசெய்தது. உள்நாட்டுப் போர் வீரர்களுக்கான ஓய்வூதிய அலுவலகமாக மாண்ட்கோமரி மெய்க்ஸ் வடிவமைத்து, 1887-ல் கட்டி முடிக்கப்பட்ட கட்டடத்தில் இது அமைந்துள்ளது.

கட்டடமே இங்கு முதல் பாடம். நடுக்கூடத்தில் 75 அடி உயரமுள்ள எட்டுத் தூண்கள் நிற்கின்றன. பார்வைக்குப் பளிங்கு, உள்ளே செங்கல், மேலே சாந்துப் பூச்சும் வண்ணமும். கட்டுமானம் எப்படி நிற்கிறது என்று குழந்தைக்கு விளக்க இதைவிட நல்ல சான்று அரிது.

சிறு பிள்ளைகள் பெற்றோருடன் கட்டைகளை அடுக்கிக் கட்டிப் பார்க்கத் தனிக் கூடங்கள் அமைக்கப்பட்டன. பதின்வயதினருக்கான திட்டம் இன்னும் முக்கியமானது: கேமராவுடன் நகரின் குடியிருப்புகளுக்குச் சென்று, படமெடுத்து, எழுதி, அதைக் கண்காட்சியாகத் தாங்களே அமைக்கிறார்கள்.