மனை வணிக முகவர் சங்கங்கள்: உரிமைக் குரலும் ஒழுக்கக் கட்டும்

ஒரு நடுத்தரக் குடும்பம் தன் ஆயுளில் செய்யும் ஆகப் பெரிய கொடுக்கல் வாங்கல், பெரும்பாலும் ஒரு மனையோ வீடோ வாங்குவதுதான். நகையை விற்று, சேமநல நிதியை எடுத்து, இருபது ஆண்டுக் கடனுக்கு வங்கியில் கையெழுத்திட்டு அதைச் செய்கிறார்கள். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே நின்று அந்தப் பேச்சை முடித்து வைப்பவர் முகவர். வழக்கறிஞருக்குப் பார் கவுன்சில் உண்டு. பத்திரம் எழுதுபவருக்கு உரிமம் உண்டு. முகவரையோ அரசு நெடுங்காலம் எந்தப் பதிவேட்டிலும் எழுதி வைக்கவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பத் தோன்றியவையே முகவர் சங்கங்கள். தன் உறுப்பினருக்காக எவ்வளவு உரக்கப் பேசுகிறது என்பதோடு, தன் உறுப்பினரை எவ்வளவு உறுதியாகக் கட்டுப்படுத்துகிறது என்பதும் சேர்ந்தே ஒரு சங்கத்தின் தகுதியைத் தீர்மானிக்கும். வரலாறு இதற்குத் தெளிவான சான்று தருகிறது.

சிகாகோவில் ஒரு தொடக்கம்

1908 மே மாதம் அமெரிக்காவின் சிகாகோ நகரில் 120 பேர் கூடித் தேசிய அளவில் ஒரு சங்கத்தை நிறுவினர். 19 ஊர் வாரியங்களும் ஒரு மாநிலச் சங்கமும் அதில் இணைந்தன. யார் வேண்டுமானாலும் இன்று தொழிலில் இறங்கலாம், நாளை காணாமல் போகலாம் என்றிருந்த காலம் அது. நேர்மையாகத் தொழில் செய்தவர்களுக்கே அது பெரிய இழுக்காக இருந்தது. ஐந்தே ஆண்டுகளில், 1913இல், சங்கம் தன் உறுப்பினருக்கு ஓர் ஒழுக்க விதித்தொகுப்பை வகுத்தது. ‘ரியல்டர்’ என்ற பெயர் 1916இல் பிறந்தது. சங்க உறுப்பினர் மட்டுமே அதைத் தாங்கலாம் என்றானது. முகவருக்கு உரிமம் கட்டாயம் என்ற சட்டங்கள் மாநிலந்தோறும் வருவதற்கு முன்பே, தாமே தமக்கு விதி வகுத்துக்கொண்ட தொழிலாக அது மாறியது. இன்று அச்சங்கத்தின் உறுப்பினர் ஏறத்தாழ 15 இலட்சம் பேர்.

அந்நாட்டுச் சங்கங்கள் செய்த மற்றொரு பெரும்பணி, தகவலைப் பொதுவாக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே முகவர்கள் சங்க அலுவலகத்தில் கூடி, தம்மிடம் விற்பனைக்கு வந்த சொத்துகளின் விவரங்களைப் பகிர்ந்துகொண்டனர். ஒருவர் பட்டியலில் உள்ள வீட்டை இன்னொருவர் விற்றுக் கொடுத்தால் கமிஷனில் அவருக்கும் பங்கு உண்டு என்பது ஏற்பாடு. விற்பவருக்குப் பல வாங்குபவர்களும், வாங்குபவருக்குப் பல வீடுகளும் ஒரே இடத்தில் கிடைத்தன. போட்டியாளர்கள் ஒரே மேசையில் உட்கார முடியும் என்ற நம்பிக்கையைச் சங்கம்தான் உண்டாக்கியது. பங்குத் தகராறு வந்தால் நீதிமன்றம் போகாமல் சங்கத்தின் நடுவர் முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் அதன் விதி.

விதியே வேலியாகிய கதை

இதே சங்கத்தின் வரலாற்றில் இருண்ட பக்கங்களும் உண்டு. அவற்றை மறைத்தால் பாடம் கிடைக்காது. ஒரு குடியிருப்பின் சொத்து மதிப்பைக் குறைக்கும் என்று கருதப்பட்ட இனத்தவரையோ நாட்டினத்தவரையோ உறுப்பினர் அங்கே குடிவரச் செய்யக் கூடாது என்று 1924இல் ஒழுக்க விதியிலேயே எழுதி வைத்தார்கள். இனத்தைக் குறித்த அந்தச் சொற்கள் 1950இல்தான் நீங்கின. இதற்கிடையே கறுப்பின முகவர்கள் 1947இல் ஃபுளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில் தமக்கெனத் தனிச் சங்கம் கண்டனர். வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1968இல் வந்தது. பழைய சங்கத்தின் தலைவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது 2020 நவம்பரில்.

கமிஷன் விஷயத்திலும் அப்படியே. வாஷிங்டன் நகர வாரியம் தன் உறுப்பினர் அனைவரும் ஒரே விகிதத்தில் கமிஷன் வாங்க வேண்டும் என்று கட்டுப்படுத்தியது சட்டவிரோதம் என 1950இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் பிரச்சினை ஓயவில்லை. விற்பவரே இருபுறத்து முகவருக்கும் கமிஷன் தரும் நிலையைச் சங்க விதிகள் உண்டாக்கின என்ற வழக்கில் 2023 அக்டோபரில் ஜூரி சங்கத்துக்கு எதிராக முடிவு சொன்னது. மறு ஆண்டு 41.8 கோடி டாலர் தருவதாகவும் விதிகளை மாற்றுவதாகவும் சங்கம் சமரசத்துக்கு வந்தது.

ஒரே அமைப்பு, ஒரே விதிப்புத்தகம். வாங்குபவரின் நலனுக்காக உறுப்பினரைக் கட்டிய விதி தொழிலை உயர்த்தியது. உறுப்பினரின் ஆதாயத்துக்காகப் பிறரை வெளியே நிறுத்திய விதி சங்கத்தையே கூண்டில் ஏற்றியது. இந்த அளவுகோல் எந்த நாட்டுச் சங்கத்துக்கும் பொருந்தும்.

நம் மண்ணில்

தொழில் செய்பவர்கள் கூடித் தமக்குத் தாமே கட்டுப்பாடு விதித்துக்கொள்வது தமிழர்க்குப் புதிதன்று. ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார் போன்ற வணிகக் குழுக்கள் கடல் கடந்தும் பெயர் பெற்றிருந்தன. வணிகர்கள் ஒன்றுகூடித் தாம் விற்கும் சரக்குகளின் மீது தாமே மகமை விதித்துக் கோயிலுக்கு அளித்ததைப் பிரான்மலைக் கல்வெட்டு சொல்கிறது.

இன்றைய சட்டத்துக்கு வருவோம். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், ‘ரெரா’, முகவரை முதன்முறையாக நாடு முழுமைக்கும் சட்டத்தின் பார்வைக்குள் கொண்டுவந்தது. தரகர், இடைத்தரகர், டீலர் என எப்பெயரால் அழைத்தாலும் முகவர் முகவரே. பதிவு எண் பெறாமல் பதிவான திட்டங்களில் விற்றுக் கொடுக்கக் கூடாது. பதிவாகாத திட்டத்தை விற்கவே கூடாது. கணக்கு வைத்திருக்க வேண்டும். பொய் விளம்பரம் கூடாது. வாங்குபவருக்கு உரிய ஆவணங்கள் கிடைக்க வகை செய்ய வேண்டும். மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்து மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம். தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் 2017 ஜூனில் வந்தன.

இச்சட்டத்தின் எல்லையைக் கவனிக்க வேண்டும். முகவர் பதிவு என்பது பதிவான புதிய திட்டங்களுக்கு மட்டுமே. மயிலாப்பூரில் கைமாறும் பழைய வீடு, தாம்பரத்தில் மறுவிற்பனைக்கு வரும் அடுக்குமாடி வீடு, வாடகை, குத்தகை, விவசாய நிலம் ஆகியவை இந்தப் பதிவின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. தெருத்தரகரின் அன்றாடப் பிழைப்பு பெரும்பாலும் இவற்றில்தான். அங்கே வாங்குபவருக்குக் காவல் முகவரின் நேர்மை ஒன்றே. அந்த நேர்மைக்குப் பிணை நிற்க வேண்டியது சங்கம்.

பிணை நிற்க ஆளில்லாததன் விலையை நாம் கொடுத்திருக்கிறோம். சாலையும் வடிகாலும் இன்றிக் கல் நட்டுப் பிரித்த அங்கீகாரமற்ற மனைகள் ஆண்டுக்கணக்கில் விற்பனையாயின. அவற்றைப் பதிவு செய்யக் கூடாது என 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, வாங்கியவர்கள் விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் தவித்தனர். மறு ஆண்டு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்து அரசு வழி செய்ய வேண்டியிருந்தது. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அரசு அமைப்புகளான டிடிசிபி, சிஎம்டிஏ ஆகியவற்றின் ஒப்புதல் எண் இல்லாத மனையைத் தொடமாட்டோம் என்று ஊருக்கு ஊர் முகவர்கள் முன்பே ஒரு கட்டாக நின்றிருந்தால் எத்தனையோ குடும்பங்கள் தப்பியிருக்கும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, ஆவண ஒழுங்கு. தாய்ப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, வாரிசுச் சான்று, பவர் பத்திரமாயின் எழுதிக் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா, அதிகாரம் ரத்தாகாமல் இருக்கிறதா என்ற விவரம் ஆகியவற்றைப் பார்க்காமல் எந்த உறுப்பினரும் முன்பணப் பேச்சைத் தொடங்கக் கூடாது. சட்டக் கருத்து சொல்வது வழக்கறிஞர் வேலை. வழக்கறிஞரிடம் காட்டச் சொல்வது முகவர் கடமை.

இரண்டாவது, பண ஒழுங்கு. சிங்கப்பூரில் 2010இல் வந்த சட்டமும் விதிகளும், வீடு விற்கும் வாங்கும் பணத்தை முகவர் கையாளவே கூடாது என்று தடுக்கின்றன. முகவரின் பெயரைப் பொதுமக்கள் பதிவேட்டில் சரிபார்க்கவும் வழி உண்டு. முன்பணம் விற்பவர் கணக்குக்கே நேராகப் போக வேண்டும் என்று நம் சங்கங்கள் விதி வைக்கச் சட்டம் வரக் காத்திருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, பயிற்சி. மகாராஷ்டிரத்தில் ரெரா ஆணையம் 2023இல் முகவருக்குப் பயிற்சியையும் தகுதித் தேர்வையும் கட்டாயமாக்கியது. இங்கும் அத்தகைய தேர்வு வரும் நாளுக்குச் சங்கங்கள் இன்றே பாடத்திட்டத்தோடு ஆயத்தமாக வேண்டும். அனுபவத்தால் கற்ற மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை.

நான்காவது, பங்கும் பஞ்சாயத்தும். ஒரே மனை நான்கு கைகளில் சுற்றும்போது யாருக்கு எவ்வளவு என்ற சண்டையில் பேரமே முறிந்து போவதுண்டு. எழுத்தில் ஒப்பந்தமும் சங்கத்தில் நடுவர் குழுவும் இருந்தால் இந்தப் பூசல் அடங்கும். கமிஷன் விகிதத்தைச் சங்கமே நிர்ணயிக்கும் ஆசை மட்டும் வேண்டாம். 2002ஆம் ஆண்டின் நம் போட்டிச் சட்டம், ஒரே தொழிலில் இருப்பவர்கள் கூடி விலை நிர்ணயிப்பதைத் தடுக்கிறது. சங்கங்களும் அதற்கு விலக்கல்ல.

ஐந்தாவது, குரல். ரெரா சட்டத்தின்படி அமையும் மத்திய ஆலோசனைக் குழுவில் வீடு கட்டுபவர், நுகர்வோர், கட்டுமானத் தொழிலாளர் ஆகியோரோடு முகவர் நலனுக்கும் இடம் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த இடத்தில் அமர்ந்து பேசுபவரின் சொல் எடுபட வேண்டுமானால், அவருக்குப் பின்னால் தவறு செய்த உறுப்பினரை நீக்கிக் காட்டிய சங்கம் இருக்க வேண்டும்.

விழா எடுக்கும் சங்கங்கள் உறுப்பினர் எண்ணிக்கையைப் பெருமையோடு சொல்வது வழக்கம். அது தக்க பெருமையே. அதனோடு, எத்தனை புகார்களை விசாரித்தோம், எத்தனை பேருக்கு இழப்பை மீட்டுக் கொடுத்தோம், எத்தனை உறுப்பினரை விலக்கினோம் என்ற கணக்கையும் ஆண்டுதோறும் விழா மலரில் அச்சிடும் துணிவு வரட்டும். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு முகவரைத் தேடி வரும் குடும்பம், கமிஷனை மனநிறைவோடு கொடுக்கும்.