பொருளறியா ஓதலும் பொருளறிந்த எழுத்தும்



எங்கள் ஊர் கீழக்கரை. என் தாயைப் பெற்ற உம்மம்மா, வைகறைத் தொழுகை முடிந்ததும் மடக்குப் பலகையின்மீது குர்ஆனை விரித்து, விரலால் வரியைத் தொடர்ந்தபடி ஓதுவார். முப்பது ஜுஸ்வும் முடிந்தால் மறுநாளே முதலிலிருந்து தொடங்குவார். அவர் ஓதிய அரபு மொழியில் ஒரு வாக்கியத்துக்கேனும் அவருக்குப் பொருள் தெரியாது. சிறுவனாகிய நான் ஒருநாள், "உம்மம்மா, இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டேன். "முதலில் எழுத்தைப் பிழையில்லாமல் ஓது, வாப்பா. அர்த்தம் பின்னால் வரும்" என்றார். கல்லூரிப் பருவத்தில் அவ்விடை எனக்கு நிறைவளிக்கவில்லை. பொருளறியாது ஓதுவது கிளிப்பிள்ளைப் பாடந்தானே என்று எண்ணினேன். அவ்வெண்ணம் சரிதானா என்பதைச் சரித்திரத்தின் துணைகொண்டு சிறிது ஆராய்வோம்.

'குர்ஆன்' என்னும் சொல்லுக்கே ஓதப்படுவது என்பது பொருள். ஏழாம் நூற்றாண்டில் அரபு நாட்டில், அது ஒரே நூலாகத் தொகுக்கப்படுமுன்பே, மக்கள் அதனைச் செவியால் கேட்டு நெஞ்சில் பதித்தனர். இஸ்லாம் பிற நாடுகளுக்குப் பரவியபோது, அரபு அறியாதவர் அதனை எவ்வாறு ஓதுவது என்னும் வினா எழுந்தது. கி.பி. 767இல் மறைந்த சட்ட அறிஞர் அபூ ஹனீபா, தொழுகையில் பாரசீக மொழியில் ஓதினாலும் செல்லும் என்று கருதியதாகச் சட்ட நூல்கள் கூறும். அவருடைய மாணவர் இருவரோ, அரபியில் ஓத இயலாதவர்க்கு மட்டுமே அச்சலுகை உண்டு என்றனர். ஷாபிஈ அறிஞர்கள் அதனையும் ஏற்கவில்லை. இறைவனின் வாக்கு அதன் சொல்லோடும் பிணைந்தது என்பது அவர்கள் கருத்து. வழக்கில் அரபு ஓதலே நிலைபெற்றது.

ஆயினும் பொருளறியும் வேட்கை அடங்கிவிடவில்லை. புகாராவிலிருந்து 961 முதல் 976 வரை ஆண்ட சாமானித் வமிசத்து அரசர் மன்சூர் இப்னு நூஹ், அரபு விரிவுரையைப் படிப்பது தமக்குக் கடினமாயிருத்தலைக் கண்டு, அறிஞர்களைக் கூட்டி, அதனைப் பாரசீகத்தில் பெயர்க்கலாமா என வினவினார். அவர்களும் இசைந்தனர்.

நம் தமிழ்க் கடற்கரையில் இவ்வினாவுக்கு வேறொரு விடையும் விளைந்தது. 'அலிபு, பே' என்று ஓதக் கற்ற பிள்ளைகளுக்கு அரபு மொழி வராவிட்டாலும் அரபு எழுத்து நன்கு வந்தது. அவ்வெழுத்தைக் கொண்டே தமிழை எழுதினர் நம் முன்னோர். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக, உள்ள எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை அமைத்துக்கொண்டனர். இதுவே அரபுத்தமிழ். இலங்கை முஸ்லிம்களிடையேயும் இது வழங்கியது. 1816 முதல் 1898 வரை வாழ்ந்தவரும் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என வழங்கப்பெறுபவருமாகிய பேரறிஞர், மார்க்கச் சட்டங்களை விளக்கும் 'மகானி' என்னும் நூலை இவ்வெழுத்திலேயே இயற்றினார்.

1958ஆம் ஆண்டில் வீட்டுப் பத்திரம் ஒன்றைப் பதிவு செய்ய உம்மம்மாவுடன் சென்றேன். தமிழில் கையெழுத்திட அவருக்குத் தெரியாது. அலுவலர் அவருடைய பெருவிரலை மையில் தோய்த்து, கைநாட்டு வாங்கிக்கொண்டார். பள்ளிச் சிறுவனாகிய எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று மாலை அண்டை வீட்டுப் பெண்கள் சூழ்ந்திருக்க, அதே உம்மம்மா அரபுத்தமிழ் நூலொன்றைத் திறந்து, நோன்பின் சட்டங்களைத் தடங்கலின்றித் தமிழில் வாசித்து விளக்கினார். அரசாங்க ஏட்டில் எழுத்தறியாதவர், தம் தெருவில் ஆசிரியராக விளங்கினார்! பொருளறியாது கற்ற எழுத்தே, பொருளறிந்து படிப்பதற்கு வாயிலாயிற்று. "அர்த்தம் பின்னால் வரும்" என்று அவர் கூறியதன் உண்மையை நான் உணரப் பல ஆண்டுகள் சென்றன.

இதனால், பொருளறியாது ஓதுவதே போதும் என்று நான் கூறவில்லை. உம்மம்மா சட்டங்களை அறிந்தார். ஆனால் நாள்தோறும் தாம் ஓதிய வசனங்களின் பொருளை இறுதிவரை வரிவரியாக அறிந்தாரில்லை. அது மெய்யான குறையே. இருபதாம் நூற்றாண்டில் அக்குறை நீங்க வழி பிறந்தது. அப்துல் ஹமீது பாகவி அவர்கள் 1929இல் தம் தமிழ் மொழிபெயர்ப்பின் முதற்பகுதியை வெளியிட்டார். பின்னர் முழுமையும் அச்சேறியது. அதே நூற்றாண்டில், பள்ளிக் கல்வியும் தமிழ் அச்சு நூல்களும் பெருகப் பெருக, அரபுத்தமிழ் வழக்கருகிற்று. ஒரு வாயில் திறந்தது, மற்றொன்று அடைபட்டது.

உம்மம்மாவின் நூல் இப்பொழுது என்னிடம் இருக்கிறது. அண்மையில் அதனை என் பேரனிடம் கொடுத்தேன். ஓதக் கற்ற பிள்ளையாதலால் எழுத்தைக் கூட்டத் தொடங்கினான். புதுப்புள்ளி பெற்ற எழுத்துகளில் தயங்கினான். அவற்றை நான் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு வரி கடந்ததும் திடுக்கிட்டு, "அப்பா, இது தமிழ்!" என்றான்.

மாணவர்களே, முன்னோரின் வழக்கம் ஒன்றை எள்ளி நகையாடுமுன், அது அவர்களுக்கு எதற்கு வாயிலாக இருந்தது என்பதை ஆராய்ந்து பாருங்கள். அவர்கள் விட்டுச் சென்ற குறையை நிறைவு செய்வது உங்கள் கடமை.