மூடுபனி விளக்கு

மூடுபனி விளக்கு என்பது மூடுபனி, கடும் மழை, பனிப்பொழிவு போன்றவற்றால் பார்வைத்தொலைவு குறையும்போது பயன்படுத்துவதற்காகத் தானுந்து முதலிய சாலை வாகனங்களில் பொருத்தப்படும் விளக்கு ஆகும். இது முன்புற மூடுபனி விளக்கு, பின்புற மூடுபனி விளக்கு என இரு வகைப்படும். முன்னது அண்மையிலுள்ள சாலைப் பரப்பை ஓட்டுநருக்குக் காட்டுகின்றது. பின்னது வாகனத்தின் இருப்பைப் பின்னால் வருவோருக்கு உணர்த்துகின்றது. இரண்டும் மூடுபனியை ஊடுருவித் தொலைவிலுள்ளவற்றைக் காட்டுபவை அல்ல.

மூடுபனியும் ஒளிச்சிதறலும்

வானிலையியலில், பார்வைத்தொலைவு 1,000 மீட்டருக்கும் குறைவாக இருக்கும் நிலையே மூடுபனி எனப்படுகின்றது. இது நிலமட்டத்தில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகளால் ஆனது. இத்துளிகளின் விட்டம் பெரும்பாலும் சில மைக்ரோமீட்டர் முதல் சில பத்து மைக்ரோமீட்டர் வரை இருக்கும். கட்புலனாகும் ஒளியின் அலைநீளமோ ஏறத்தாழ 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர் வரையே ஆகும். துளிகள் அலைநீளத்தைவிடப் பெரியவையாதலால் எல்லா நிறங்களும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறுகின்றன. மூடுபனி வெண்ணிறமாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

'ஹை பீம்' எனப்படும் உயர்கற்றையை மூடுபனியில் பயன்படுத்தினால், ஒளியின் ஒரு பகுதி துளிகளில் பட்டு ஓட்டுநரின் கண்களுக்கே திரும்புகின்றது. அதனால் எதிரே வெண்சுவர் நிற்பதுபோன்ற தோற்றம் உண்டாகிப் பார்வை மேலும் குறைகின்றது.

முன்புற விளக்கு

முன்புற விளக்கின் ஒளிக்கற்றை அகலமானது; அதன் மேல்விளிம்பு கூர்மையாக வெட்டப்பட்டிருக்கும். ஐக்கிய நாடுகள் அவையின் 48ஆம் ஒழுங்குவிதியின்படி, பயணிகள் தானுந்துகளில் இது தரையிலிருந்து 250 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் 800 மில்லிமீட்டருக்கு மிகாமலும் அமைய வேண்டும். விளக்கு தாழ்வாக இருப்பதால் ஓட்டுநரின் பார்வைக்கோட்டிலிருந்து ஒளிக்கற்றை விலகி நிற்கின்றது. கண்ணுக்குத் திரும்பும் ஒளியும் குறைகின்றது. சாலையின் ஓரமும் குறியீட்டுக் கோடுகளும் இதன் உதவியால் தெரிகின்றன.

மஞ்சள் ஒளி மூடுபனியை ஊடுருவும் என்னும் கருத்து பரவலாக உள்ளது. மேற்கூறிய காரணத்தால் இது சரியன்று. பிரான்சில் 1930களின் பிற்பகுதி முதல் 1993 வரை முகப்பு விளக்குகள் மஞ்சளாக இருக்கவேண்டும் என்ற விதி இருந்தது. மஞ்சள் ஒளியில் நீலக்கூறு நீக்கப்படுவதால் கண்கூச்சம் குறையலாம். ஆனால் பார்வைத்தொலைவு கூடுவதில்லை.

பின்புற விளக்கு

இது வழக்கமான பின்விளக்கைவிடப் பன்மடங்கு பொலிவான செந்நிற விளக்கு. நிறுத்தவிளக்கு என்று தவறாகக் கருதப்படாதிருக்க, இரண்டிற்கும் இடையே 100 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட இடைவெளி இருத்தல் வேண்டும். ஒன்றுமட்டும் பொருத்தப்படின், இடப்புறம் ஓட்டும் நாடுகளில் அது வாகனத்தின் நடுவிலோ வலப்புறத்திலோ அமையும்.

பிரித்தானியாவில் 1980 ஏப்ரல் 1 முதல் பயன்பாட்டுக்கு வந்த தானுந்துகளுக்கு இது கட்டாயமாகும். செருமனியில் மூடுபனியால் பார்வைத்தொலைவு 50 மீட்டருக்குக் குறையும்போது மட்டுமே இதனை ஏற்றலாம். அந்நிலையில் வேகமும் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. தெளிந்த வானிலையில் இவ்விளக்கை ஏற்றுவது பின்னால் வருவோரின் கண்ணைக் கூசச்செய்வதோடு, நிறுத்தவிளக்கு எரிவதையும் மறைக்கும்.

வேகமும் பார்வைத்தொலைவும்

ஓட்டுநர் செயற்பட 1.5 நொடி ஆகும் என்றும், தடுப்பின் வேகத்தணிவு நொடிக்கு நொடி 6 மீட்டர் என்றும் கொண்டால், வாகனம் நிற்கத் தேவைப்படும் தொலைவு பின்வருமாறு:

மணிக்கு 50 கி.மீ. - ஏறத்தாழ 37 மீட்டர்
மணிக்கு 80 கி.மீ. - ஏறத்தாழ 74 மீட்டர்
மணிக்கு 100 கி.மீ. - ஏறத்தாழ 106 மீட்டர்

ஆகவே பார்வைத்தொலைவு 50 மீட்டராக உள்ளபோது 80 கி.மீ. வேகத்தில் செல்பவர், நின்றிருக்கும் வாகனத்தைக் கண்டபின் மோதாமல் நிறுத்த இயலாது. ஈரச்சாலையிலும் சுமையேற்றிய லாரிகளுக்கும் இத்தொலைவு இன்னும் கூடும்.

வேகத்தைக் கண்ணால் மட்டும் மதிப்பிடுவதும் நம்பத்தக்கதன்று. காட்சியின் வேறுபாடு சீராகக் குறைக்கப்பட்டால் ஓட்டுநர்கள் தம் வேகத்தைக் குறைவாக உணர்கின்றனர் என 1998இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு கூறியது. தொலைவு கூடக்கூட அடர்வதாக மூடுபனியை அமைத்துச் சோதித்த 2012ஆம் ஆண்டின் 'ஈலைஃப்' ஆய்வு இதற்கு எதிரான முடிவைத் தந்தது. எனவே வேகமானியைப் பார்த்து ஓட்டுவதே உகந்தது.

வட இந்தியாவில்

பஞ்சாப், அரியானா, தில்லி, உத்தரப் பிரதேசம், பீகார் ஆகிய பகுதிகளில் திசம்பர், சனவரி மாதங்களில் அடர்ந்த மூடுபனி உண்டாகின்றது. தெளிந்த இரவில் நிலம் விரைந்து குளிர்தல், பாசன வயல்களின் ஈரம், காற்றின் வேகம் குறைவாக இருத்தல், மாசுத் துகள்கள் ஆகியன இதற்குக் காரணங்கள். 2017 நவம்பர் 8 அன்று யமுனா விரைவுச்சாலையில் புகைப்பனியால் பல வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மோதிக்கொண்டன. இச்சாலையில் குளிர்காலத்தில் வேக வரம்பு குறைக்கப்படுகின்றது.

இப்பகுதியின் கரும்பு அரைவைப் பருவமும் குளிர்காலமே. பின்விளக்கு இல்லாத, அல்லது நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பால் அது மறைக்கப்பட்ட டிராக்டர் வண்டிகள் பெரும் இடராகின்றன. இவற்றின் பின்புறத்தில் ஒட்டப்படும் ஒளிதிருப்பும் பட்டைகள் மின்சாரம் இன்றியே எச்சரிக்கை தருகின்றன. எனினும் பின்னால் வரும் வாகனத்தின் ஒளி அவற்றின்மீது பட்டால்தான் அவை தெரியும்.

கவனிக்க வேண்டியவை

* பகலிலும் தாழ்கற்றை முகப்பு விளக்கை ஏற்றுதல் வேண்டும். பகல் வெளிச்சம் இருப்பதால் தானியங்கி விளக்குகள் மூடுபனியில் எரியாமல் போகலாம். பகலோட்ட விளக்குகள் மட்டும் எரியும்போது பல வாகனங்களில் பின்விளக்கு எரிவதில்லை.
* நான்கு இண்டிகேட்டர்களையும் மின்னவிட்டபடி ஓட்டுதல் தவறு. வாகனம் நிற்கின்றதா, நகர்கின்றதா, திரும்பப்போகின்றதா என்பது பிறருக்குத் தெரியாது.
* முன்செல்லும் வாகனத்தின் பின்விளக்கை மட்டும் நம்பி நெருங்கிச் செல்லுதல் தொடர்மோதலுக்கு வழிவகுக்கும்.
* நிறுத்த நேர்ந்தால் சாலையை விட்டு முற்றிலும் விலகி நிறுத்துதல் வேண்டும்.
* மூடுபனி விலகியவுடன் மூடுபனி விளக்குகளை அணைத்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* மூடுபனி
* முகப்பு விளக்கு
* ஒளிச்சிதறல்
* சாலைப் பாதுகாப்பு