தக்காளி ரசமும் ஒரு மாணவன் கேட்ட கேள்வியும்



1994 ஆண்டு விழாவில் நம் பள்ளியில் குடவோலை நாடகம் போட்டோமே, நினைவிருக்கிறதா? ஓலை எடுத்து முடிந்ததும் சபையோர் பந்தியில் உட்காருவார்கள். "தக்காளி ரசம் கொண்டு வா" என்று ஒரு வசனம் எழுதியிருந்தேன். ஒத்திகையின்போது ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், "சார், ராஜா காலத்துல தக்காளி இருந்துச்சா சார்?" என்றான். "வசனத்தை மட்டும் சொல்லுடா" என்று அதட்டிவிட்டேன். எனக்கு அப்போது பதில் தெரியாது. அதுதான் உண்மை.

சென்ற மாதம் அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்தேன். அரிசோனா மாநிலத்தில் டூசான் என்ற ஊர். 1885-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. எந்தத் தெருவுக்குப் போனாலும் முதுகில் பையோடு மாணவர்கள்தான். அந்த ஊர் முன்பு மெக்சிகோ நாட்டைச் சேர்ந்தது. 1854-ல்தான் அமெரிக்கா அந்தப் பகுதியை விலை கொடுத்து வாங்கிக்கொண்டது. ஆட்சி மாறினாலும் சமையல் மாறவில்லை.

ஒரு நாள் மருமகன் என்னை 'எல் சாரோ' என்ற மெக்சிகோ உணவகத்துக்கு அழைத்துப் போனார். 1922-ல் மோனிகா ஃப்ளின் என்ற பெண்மணி தொடங்கி, அவர் குடும்பத்தார் வழிவழியாக நடத்திவரும் கடை அது. மாட்டிறைச்சியில் எலுமிச்சைச் சாறும் பூண்டும் தடவி, கூரைமேல் கம்பிவலைக் கூண்டில் வெயிலில் காயவைப்பார்களாம். நம் வீட்டு மாடியில் உப்புக்கண்டம் காய்ந்த நாட்கள் நினைவுக்கு வந்தன.

தக்காளியும் மிளகாயும் சேர்த்த சட்னி ஒன்று வைத்தார்கள். "அட, நம்ம ஊர் ருசி!" என்றேன். மருமகன் சிரித்தார். "மாமா, இது ரெண்டுமே இவங்க சரக்கு. நாமதான் வாங்கிக்கிட்டோம்."

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். மிளகாயைப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பயிராக்கியவர்கள் மெக்சிகோ மக்கள். தக்காளியின் மூதாதை தென் அமெரிக்கச் செடி. அதை வளர்த்துப் பெரிய பழமாக்கியது மெக்சிகோ. 1498-ல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் இறங்கிய பிறகு, போர்த்துக்கீசியர் கப்பலில்தான் மிளகாய் நம் நாட்டுக்கு வந்தது. மிளகு போல் காரமான காய், ஆகவே மிளகாய். தக்காளி நம் சமையலில் பரவியது அதற்கும் வெகுகாலம் கழித்து.

நம் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. அந்தச் சபையோர் மிளகாயைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்குக் காரம் என்றால் மிளகுதான். அந்தப் பழைய ருசியை அறிய வெகுதூரம் போக வேண்டாம். காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியைச் சாப்பிட்டுப் பாருங்கள். மிளகு, சீரகம், சுக்கு உண்டு, மிளகாய் கிடையாது.

அவர்கள் மட்டும் வாங்காமலா இருந்தார்கள்? அந்தக் கடையில் நான் தின்ற கோதுமை ரொட்டிக்குக் கோதுமை ஸ்பானியர் கொண்டுவந்தது. மாடும் அப்படியே. மெக்சிகோ மக்கள் விரும்பிக் குடிக்கும் புளித்தண்ணீருக்கு 'தமரிந்தோ' என்று பெயர். 'இந்தியப் பேரீச்சை' என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது அது. அவர்கள் புளியில் இந்தியாவின் பெயர் இருக்கிறது. நம் பறங்கிக்காயில் பறங்கியர் பெயர் இருக்கிறது. பாரம்பரியம் என்று இரு தரப்பும் பெருமை கொள்வதில் பாதி, வாங்கி நமதாக்கிக்கொண்டதுதான். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

அந்த மாணவன் இதைப் படித்தால் அவனுக்குச் சொல்கிறேன்: இல்லை தம்பி, ராஜா காலத்தில் தக்காளி இல்லை. நீ கேட்டது சரி, நான் அதட்டியது தவறு. உங்களில் இன்று ஆசிரியராக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பதில் தெரியாவிட்டால் "தெரியாது, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். எனக்கு அந்த நாளை வர முப்பது ஆண்டு ஆகிவிட்டது.